கேட்காமல் திறந்துவிட்ட தண்ணீர்

கேரளத்தின் பாலக்காட்டு எல்லையில் இருக்கும் கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்து ஊரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வயது 46. வேலை கோவையில், காலையில் வேலந்தாவளம் வழியாகப் பஸ் ஏறினால் வீடு திரும்ப இரவாகிறது. தென்னந்தோப்பு இருக்கிறது, கடன் இல்லை, பிள்ளைகள் நன்றாகப் படிக்கிறார்கள். மனைவி, கேரளத்துப் பெண்களின் சுயஉதவித் திட்டமான குடும்பஸ்ரீயில் ஓர் அயல்கூட்டத்தின் செயலாளர். வீட்டில் இருவருக்கும் சண்டையும் இல்லை, பேச்சும் இல்லை. சிறுவயது முதல் கூட வளர்ந்த நண்பரோடு சில வருடங்களாக முகம் கொடுத்துப் பேசுவதில்லை. காரணத்தையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார். ஒரு கோடையில் இவர் வேலை விஷயமாகத் திருப்பூரில் தங்கியிருந்தபோது, தோப்பின் மோட்டார் ரூம் சாவியை வைத்திருந்த அந்த நண்பர், பக்கத்துத் தோட்டக்காரரின் காய்கறிப் பந்தல் காய்வதைப் பார்த்து, இவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் மூன்று இரவு தண்ணீர் திறந்துவிட்டார். ஊர் திரும்பிய இவர் டீக்கடையில் நாலு பேர் முன்னால், "என் தண்ணீரை எடுத்துக் கொடுக்க நீ யார்?" என்று கேட்டார். நண்பர் பதில் சொல்லாமல் சாவியை வைத்துவிட்டுப் போய்விட்டார். "எல்லாம் இருக்கிறது, மகிழ்ச்சிதான் இல்லை. அன்பு, நட்பு, இன்பம் என்று பெரியவர்கள் எழுதிவைத்தவை என்னைப் போன்ற நடுவயதுக்காரனுக்கு உதவுமா?" இதுதான் கேள்வி.

உதவும் தம்பி. அவை உங்கள் வயதுக்காரர்களுக்காகவே எழுதப்பட்டவை. பள்ளிக்கூடத்தில் மனப்பாடப் பகுதியாகப் படித்ததால் பிள்ளைகளுக்கான அறிவுரை என்று நினைத்துவிட்டோம். இந்தப் பக்கத்துப் பள்ளிகளில் தமிழ் நடத்தியவன் நான். 'உடுக்கை இழந்தவன் கைபோல' என்று சொன்னால் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குப் பொருள் புரியும். நாலு பேர் நடுவில் மானம் போகும் நிலைக்கு வந்து, ஒருவன் ஓடிவந்து காப்பாற்றிய அனுபவம் உள்ளவனுக்குத்தான் அந்தக் கையின் அருமை புரியும்.

வள்ளுவர் நட்பை எந்த இடத்தில் வைத்தார் என்பதை முதலில் பாருங்கள். நாடு, அரண், பொருள், படை என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்து, படைச்செருக்கு முடிந்த கையோடு 79-ஆம் அதிகாரமாக நட்பைத் தொடங்குகிறார். கோட்டைக்கும் சேனைக்கும் அடுத்த காவல் நண்பன் என்ற நினைப்பு அதில் இருக்கிறது. தொடர்ந்து ஐந்து அதிகாரங்கள், ஐம்பது குறள்கள்: நட்பு, நட்பாராய்தல், பழைமை, தீ நட்பு, கூடா நட்பு. இந்த வரிசையை நான் பெரிதாக மதிக்கிறேன். ஆராய்வது முதலில் வருகிறது. பழகிய நண்பன் எடுத்துக்கொள்ளும் உரிமையைப் பொறுக்கும் 'பழைமை' அதற்குப் பிறகுதான் வருகிறது. நட்புக் கொள்ளும் முன் துருவித் துருவிப் பார். கொண்ட பிறகு துருவாதே.

நாம் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். ஒரே பஸ்ஸில் போகிறோம், ஒரே ஆலையில் வேலை என்பதற்காக யாரையும் நண்பர் என்று சேர்த்துக்கொள்கிறோம். அப்போது ஆராய்ச்சி கிடையாது. இருபது, முப்பது வருடம் பழகி, நல்லது கெட்டதில் எல்லாம் கூட நின்றவனைத்தான் தராசில் வைக்கிறோம். அவன் வீட்டு விசேஷத்துக்கு நான் என்ன செய்தேன், என் வீட்டுக்கு அவன் என்ன செய்தான், யார் முதலில் போன் செய்தது என்று. 510-ஆம் குறள் இந்த நோயை ஒன்றே முக்கால் அடியில் சொல்லிவிடுகிறது:

தேரான் தெளிவும் தெளிந்தான்கண் ஐயுறவும்
தீரா இடும்பை தரும்.

ஆராயாமல் நம்புவதும், ஆராய்ந்து நம்பியவனைச் சந்தேகிப்பதும் தீராத துன்பம் தரும் என்கிறார். அரசன் ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் சொன்னது இது. கல்யாணத்துக்கும் நட்புக்கும் இதைவிடப் பொருத்தமான வாக்கியம் எனக்குத் தெரியாது. நடுவயதில் மனிதர்கள் தனித்துப்போவதற்கு ஊர் மாறுவது, வேலை, கைப்பேசி என்று பல காரணங்கள் சொல்கிறார்கள். அவையெல்லாம் உண்மைதான். ஆனாலும் முதல் காரணம், தேர்ந்து தெளிந்தவர்களிடமே நாம் கணக்குக் கேட்கத் தொடங்குவது என்பதுதான் என் கருத்து.

இனி உங்கள் தண்ணீர் விஷயம். வடகரப்பதி, எருத்தேன்பதிப் பக்கத்தில் தண்ணீரின் அருமையை யாரும் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மலையைத் தாண்டிவரும் மழை நமக்குக் குறைவு. பரம்பிக்குளம் ஆழியாற்று நீருக்காக 1970-இல் இரண்டு மாநிலங்கள் ஒப்பந்தம் போட்டு, மணக்கடவில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி என்று அளந்து வாங்குகிறோம். அளவு குறைந்தால் மறியல், பேச்சுவார்த்தை, மறுபடியும் கடிதம். அரசுகளுக்கு அப்படித்தான் முடியும். கையெழுத்தும் அளவுகோலும் இல்லாவிட்டால் நம் வயல்களுக்கு நீதி கிடைக்காது. உங்கள் கோபத்தை நான் சிறிதாக நினைக்கவில்லை. கோடையில் மூன்று இரவுத் தண்ணீர் என்பது உங்கள் தென்னைகளின் குரும்பை உதிருமா நிற்குமா என்பதைத் தீர்மானிக்கிற விஷயம்.

ஆனாலும் அந்த நண்பர் செய்தது திருட்டா? தண்ணீரை விற்றாரா? தன் வயலுக்கு விட்டுக்கொண்டாரா? காய்ந்துகொண்டிருந்த இன்னொருவர் பந்தலுக்கு, நீங்கள் இருந்திருந்தால் நீங்களும் கொடுத்திருப்பீர்கள் என்று நம்பிக் கொடுத்திருக்கிறார். உங்களைத் தன்னைவிடக் குறைந்த மனம் உள்ளவராக அவர் நினைக்கவில்லை. பழைமை அதிகாரத்தில் 803-ஆம் குறள் இந்த இடத்தைத்தான் தொடுகிறது:

பழகிய நட்பெவன் செய்யுங் கெழுதகைமை
செய்தாங்கு அமையாக் கடை.

உரிமையால் நண்பன் செய்ததைத் தானே செய்ததுபோல எடுத்துக்கொள்ள முடியாவிட்டால், அத்தனை காலம் பழகிய நட்பு எதற்கு? 'செய்தாங்கு' என்ற அந்தச் சொல்லில் இருக்கிறது முழு நியாயமும். நண்பன் மனம் நோகும்படி ஏதாவது செய்தால், ஒன்று அறியாமையால் செய்திருப்பான், அல்லது மிகுந்த உரிமையால் செய்திருப்பான் என்று எடுத்துக்கொள் என்று இரண்டு குறள் தள்ளிச் சொல்கிறார். மூன்றாவது காரணத்தை அவர் பட்டியலிலேயே சேர்க்கவில்லை. நீங்கள் அந்த மூன்றாவதைத்தான் டீக்கடையில் சொன்னீர்கள்.

நாலடியாரில் 'நட்பிற் பிழை பொறுத்தல்' என்று ஓர் அதிகாரம் இருக்கிறது. அதில் 222-ஆம் பாட்டு, வாய்க்கால் வரப்பில் வளர்ந்த ஒருவர்தான் எழுதியிருக்க முடியும்:

செறுத்தோறு உடைப்பினும் செம்புனலோடு ஊடார்
மறுத்தும் சிறைசெய்வர் நீர்நசைஇ வாழ்நர்
வெறுப்ப வெறுப்பச் செயினும் பொறுப்பரே
தாம்வேண்டிக் கொண்டார் தொடர்பு.

அடைக்க அடைக்க வெள்ளம் கரையை உடைத்துக்கொண்டு போகிறது. அதற்காக விவசாயி தண்ணீரோடு கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போவதில்லை. மண்வெட்டியை எடுத்துத் திரும்பவும் அடைக்கிறான், ஏனென்றால் அவன் பிழைப்பு அதில் இருக்கிறது. தாமாக விரும்பித் தேர்ந்துகொண்ட நட்பையும் அப்படித்தான் பொறுப்பார்கள் என்கிறது பாட்டு. 'தாம் வேண்டிக் கொண்டார்' என்பதைக் கவனியுங்கள். உறவு பிறப்பால் வருகிறது. நண்பனை நீங்களாகத் தேடி எடுத்தீர்கள். எடுத்த பொறுப்பு உங்களுடையது.

ஒன்று சொன்னால் மனம் வலிக்கும், ஆனாலும் சொல்லவேண்டும். தீ நட்பு அதிகாரத்தின் கடைசிக் குறள், வீட்டுக்குள் நெருக்கமாக இருந்துவிட்டு மன்றத்தில் பழித்துப் பேசுகிறவர்களை எந்த அளவிலும் அணுகாதே என்கிறது. 'மனைக்கெழீஇ மன்றில் பழிப்பார் தொடர்பு'. உங்கள் ஊருக்கு மன்றம் அந்த டீக்கடைதான். தண்ணீருக்காக நீங்கள் கோபித்துக்கொண்டிருப்பதாக நினைக்கிறீர்கள். அவருக்குத் தண்ணீர் எப்போதோ மறந்திருக்கும். நாலு பேர் முன்னால் கேட்ட 'நீ யார்' மறந்திருக்காது. வீட்டுத் திண்ணையில் வைத்து இதைவிடக் கடுமையாகத் திட்டியிருந்தால்கூட அடுத்த வாரமே இருவரும் ஒன்றாகச் சந்தைக்குப் போயிருப்பீர்கள்.

ஆகவே போகவேண்டியவர் நீங்கள். தூது அனுப்பாதீர்கள். பொது நண்பர் யாரையும் நடுவில் வைக்காதீர்கள். வைத்தால் அவர் இரண்டு பக்கத்து நியாயத்தையும் எடைபோடுவார், மறுபடியும் தராசு வந்துவிடும். அவர் வீட்டுக்குப் போய், அன்று கேட்டது தப்பு என்று ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள். 'நீயும் கேட்டிருக்கலாம்' என்று பின்னால் ஒரு வாலைச் சேர்க்காதீர்கள். மோட்டார் ரூம் சாவியை அவர் கையில் கொடுங்கள். பிறகு அதே டீக்கடையில், அந்த நாலு பேர் இருக்கும் நேரமாகப் பார்த்து, சாவி இவரிடம்தான் இருக்கிறது, தோப்பில் எது வேண்டுமானாலும் இவரைக் கேளுங்கள் என்று சொல்லுங்கள். பலர் அறியப் பட்ட காயத்துக்குப் பலர் அறிய மருந்து போடவேண்டும். அவர் உடனே பேசாவிட்டால் அதற்கும் அவருக்கு உரிமை உண்டு. ஓணத்துக்குப் போங்கள், பொங்கலுக்குப் போங்கள். நம் பக்கத்தில் முறிந்த உறவுகள் பெரும்பாலும் இழவு வீட்டில்தான் ஒட்டுகின்றன. அதுவரை காத்திருப்பது பெரிய பாவம்.

எல்லா நண்பர்களுக்கும் சாவியைக் கொடு என்று நான் சொல்லவில்லை. உங்கள் பெயரில் கடன் வாங்கிவிட்டு மறைப்பவர், குடிக்கக் கூட்டு வேண்டும் என்பதற்காக மட்டும் தேடி வருபவர், உங்களுக்குக் கஷ்டம் வந்த மாதத்தில் காணாமல் போனவர் இவர்களைத் தாராளமாக விலக்கலாம். கெடுதி வந்தாலும் அதில் ஒரு நன்மை உண்டு, அது சுற்றத்தாரை நீட்டி அளக்கும் கோல் என்று வள்ளுவரே சொல்கிறார். உங்கள் நண்பர் ஒரு கெடுதியிலாவது விலகி நின்றதாக நீங்கள் எழுதவில்லை.

மனைவி விஷயத்துக்கு வருகிறேன். 'சண்டையே இல்லை' என்று நிம்மதிபோல எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த வரிதான் கவலை தந்தது. திருக்குறளின் 1330 பாக்களும் எங்கே போய் முடிகின்றன தெரியுமா? புலவி, புலவி நுணுக்கம், ஊடலுவகை. கடைசி மூன்று அதிகாரங்களும் கணவன் மனைவி கோபித்துக்கொள்வதைப் பற்றியவை. கண்டதும் காதல் கொள்வது இன்பத்துப்பாலின் தொடக்கத்திலேயே முடிந்துவிடுகிறது. பிரிந்து, காத்திருந்து, கூடி, பிணங்கித் தெளியும் இடத்தில் நூல் நிறைவடைகிறது. வளர்ந்தவர்களின் காதலைப் பற்றி இவ்வளவு சரியாக அமைந்த நூல் வேறு எதுவும் எனக்குக் கிடைத்ததில்லை. ஊடல் உணவில் உப்பு அமைவதுபோல என்கிறார். கொஞ்சம் நீட்டினாலும் உப்பு கூடிவிட்டதுபோல ஆகிவிடும். அளவு முக்கியம். உப்பே இல்லாத சோற்றைத்தான் நீங்கள் இப்போது இருவரும் தின்றுகொண்டிருக்கிறீர்கள்.

ஊடுகிறவள், நீ திரும்பிப் பார்ப்பாய் என்று நம்பித்தான் ஊடுகிறாள். திரும்பிப் பார்க்க ஆள் இல்லை என்று ஆன பிறகு யாரும் ஊடுவதில்லை. தட்டை வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். உங்கள் மனைவி எந்த வருடம் கோபித்துக்கொள்வதை நிறுத்தினார் என்று யோசித்துப் பாருங்கள். அவர் அயல்கூட்டத்தில் கலகலப்பாகப் பேசுகிறார், பஞ்சாயத்து அலுவலகத்தில் மலையாளத்தில் வாதாடிக் காரியம் முடிக்கிறார் என்று பிறர் சொல்லித்தான் தெரியும் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆக அவரிடம் பேச்சு வற்றவில்லை. உங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றுவிடுகிறது. பேசுவதற்கு என்ன இருக்கிறது என்று தேடாதீர்கள். இந்த வாரம் கூட்டத்தில் யாருக்குக் கடன் கொடுத்தீர்கள், யார் தவணை கட்டவில்லை, அதற்கு நீ என்ன சொன்னாய் என்று கேளுங்கள். அவர் சொல்லும்போது தீர்வு சொல்லாதீர்கள். முதல் சில நாட்கள் ஒற்றை வார்த்தையில் பதில் வரும். ஒரு நாள், 'இத்தனை வருடம் கேட்காதவர் இப்போது ஏன் கேட்கிறீர்கள்' என்று கோபம் வரும். அந்தக் கோபத்தைக் கும்பிட்டு வரவேற்கவேண்டும். ஊடலில் தோற்றவரே வென்றவர் என்பதும் அதே ஊடலுவகை அதிகாரத்தில் இருக்கிறது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அடியும் மிரட்டலும் உள்ள வீட்டில் நடப்பதற்கு ஊடல் என்று பெயர் கிடையாது. பயப்படுகிறவரால் ஊட முடியாது. அங்கே பொறுமையைப் போதிப்பது குற்றம். 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் அதற்காகத்தான் இருக்கிறது. உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை என்பதால்தான் இவ்வளவு உரிமையோடு பேசுகிறேன்.

மகிழ்ச்சி பற்றிச் சுருக்கமாகவே சொல்வேன், ஏனென்றால் அது தனியாக ஒரு பொருள் என்று நான் நம்பவில்லை. புறநானூற்றின் 191-ஆம் பாட்டில், இத்தனை வயதாகியும் உமக்கு ஏன் நரை இல்லை என்று கேட்டவர்களுக்குச் சங்கப் புலவர் பிசிராந்தையார் பதில் சொல்கிறார். என் மனைவி மாண்புடையவள், மக்களும் நிறைந்தவர்கள். ஏவலர் என் மனம் அறிந்தவர்கள். அரசன் தீயவை செய்யாமல் காக்கிறான். எல்லாவற்றுக்கும் மேலாக, அடக்கமுள்ள சான்றோர் பலர் நான் வாழும் ஊரில் இருக்கிறார்கள். பட்டியல் அவ்வளவுதான். தன் நிலம், தன் புகழ், தன் உடற்பயிற்சி எதுவும் அதில் வரவில்லை. முதலிலிருந்து கடைசிவரை மற்ற மனிதர்கள். முகம் பார்க்காத நண்பன் கோப்பெருஞ்சோழன் உறையூரில் வடக்கிருந்தபோது தேடிப்போய்த் தானும் உயிர்விட்ட மனிதர் அவர். செல்வக் காலத்தில் வராவிட்டாலும் அல்லற் காலத்தில் அவன் வராமல் இருக்கமாட்டான் என்று சோழன் முன்பே சொல்லிவைத்திருந்தான். நம்புவதென்றால் அப்படி.

அமெரிக்காவில் ஹார்வர்ட் பல்கலைக்கழகம் 1938-இல் தொடங்கிய ஓர் ஆய்வு, 724 ஆண்களை இளம்வயதிலிருந்து முதுமைவரை தொடர்ந்து கவனித்தது. ஐம்பது வயதில் உறவுகளில் நிறைவோடு இருந்தவர்களே எண்பதில் அதிக ஆரோக்கியத்தோடு இருந்தார்கள். கொழுப்புச் சத்தின் அளவைவிட இது சரியாக முன்கூட்டிச் சொன்னது என்று அதை நடத்தியவர்கள் சொல்கிறார்கள். நரைக்காததற்கு நம் புலவர் சொன்ன காரணத்தோடு இது ஒத்துப்போவதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. உங்களுக்கு வயது 46. ஐம்பதுக்கு இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

கடைசியாக, இந்த வயதில் புதிய நட்பு வாய்க்குமா என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள். வாய்க்கும், ஆனால் நேரம் கேட்கும். கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் 2018-இல் வந்த ஓர் ஆய்வின் கணக்குப்படி, அறிமுகமானவர் சாதாரண நண்பராக ஏறக்குறைய ஐம்பது மணி நேரமும், நெருங்கிய நண்பராக இருநூறு மணி நேரத்துக்கு மேலும் சேர்ந்து கழிக்கவேண்டும். வேலையிடத்தில் கழியும் நேரம் அந்த அளவுக்குப் பயன் தருவதில்லையாம். கோவையில் உங்களோடு வேலை பார்ப்பவர்கள் ஏன் நண்பர்களாகவில்லை என்பதற்கு இதில் ஒரு விளக்கம் இருக்கிறது. கேரளத்தில் இருப்பதால் உங்களுக்கு ஒரு வசதி உண்டு. பி. என். பணிக்கர் 1945-இல் 47 நூலகங்களோடு தொடங்கிய நூலக இயக்கம் வளர்ந்து, இன்று ஊருக்கு ஊர் வாயனசாலை என்னும் படிப்பகம் இருக்கிறது. நம் எல்லைக் கிராமங்களில் தமிழ்ப் பத்திரிகை வருகிற வாயனசாலைகளும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை மாலை அங்கே போய் உட்காருங்கள். யாரையும் நண்பராக்கும் நோக்கத்தோடு போகவேண்டாம். கேரம் பலகையோ பத்திரிகையோ முன்னால் இருந்தால் பேச்சு தானாக வரும். யாரை நெருங்கவிடலாம் என்ற ஆராய்ச்சியைச் செய்யவேண்டிய காலம் அதுதான். அவசரமே வேண்டாம்.

குடும்பஸ்ரீ 1998-இல் தொடங்கியது. பத்திலிருந்து இருபது பெண்கள் வரை ஓர் அயல்கூட்டம், வாரம் ஒரு கூட்டம். கூட்டம் ஒரு மணி நேரம் என்று வைத்தாலும் நான்கு வருடத்தில் அந்த இருநூறு மணி நேரம் நிறைந்துவிடுகிறது. உங்கள் மனைவி அந்தக் கணக்கை எப்போதோ தாண்டியிருப்பார். தெருவில் யார் சொன்ன சொல் காப்பவர், யார் கஷ்டத்தில் வந்து நின்றவர் என்பது உங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். யாரோடு பழகலாம் என்பதை அவரிடமே கேளுங்கள். நண்பர் வீட்டுக்குப் போகும்போது அவரையும் கூட வரச் சொல்லுங்கள்.